நாலு விரல் இடைவெளி

ஓல்டன்,
சுவிஸ், 14 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

உறையில் என் கையெழுத்தைக் கண்டதும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்திருந்தால், நன்றி. என் போன் எண்ணை நீங்கள் தடுத்து ஒன்றரை வருஷமாகிறது. கடிதம் என்றால் எனக்கும் சுகம். நேரே கதைக்கும்போது நான் பாதியை விழுங்கிவிடுவேன் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆரா நகருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மியூசியத்தில் ஆறு மாதப் பயிற்சி வேலை கிடைத்திருக்கிறது. படித்து முடித்து எட்டு மாதத்துக்குப் பிறகு கிடைத்த முதல் வேலை. அங்கே ஒரு பழைய கோர்செட் இருக்கிறது. இருநூறு வருஷத்துக்குக் கிட்ட வயது. கோர்செட் என்றதும் இரும்புக் கம்பி வைத்தது உங்களுக்கு நினைவு வரும். இது அப்படியில்லை. இரண்டு பருத்தித் துணிகளைச் சேர்த்து, வரிவரியாகக் குழாய் போலத் தைத்து, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் நூல்கயிறு கோப்பது. கயிறுதான் அதன் எலும்பு. முன்னால் நடுவில் மட்டும் அடிமட்டம் போல ஒரு மரச்சட்டம். பின்னால் நாடா. எல்லாமாக நூற்றுப்பத்து வரி கயிறு.

அதே மாதிரி ஒன்றை வீட்டில் வைத்துத் தைத்து, மார்ச் 22 கண்காட்சி திறக்கும் நாளில் நானே போட்டுக்கொண்டு நிற்கவேண்டும். மியூசியத்தில் ஆகச் சின்ன உடம்பு என்னுடையது என்று அங்கே பொறுப்பாக இருக்கும் ஃபிராவ் ஹூபர் முடிவு செய்துவிட்டார். வகுப்பில் எழும்பிப் பெயர் சொல்லவே கூசினவள் நான். ஆனால் இது நல்லபடியாக முடிந்தால் நிரந்தரமாக எடுப்பார்களாம்.

அவர் அளவுநாடாவோடு வந்தபோது நான் "என் அளவு வீட்டில் இருக்கிறது" என்று சொல்லித் தப்பினேன். நாங்கள் எப்போது தையல்காரரிடம் உடம்பைக் கொடுத்தோம்? அளவுச் சட்டையைத்தானே கொடுப்போம். அம்மாவின் அலுமாரிக் கீழ்த்தட்டில் என் சாறிச் சட்டை கிடந்தது. அதை மேசையில் விரித்து அளந்து வெட்டியிருக்கிறேன்.

பின்னால் நாடா கோக்க இருபத்தெட்டுக் கண்கள், சின்னச் சின்ன ஓட்டைகள். நூலால், கையால் கட்டவேண்டும். உங்கள் கை ஓடுவது போல என் கை ஓடாது. அனுப்பினால் கட்டித் தருவீர்களா?

அப்பா சுகம். இப்போதும் ரயில் பெட்டி கழுவத்தான் போகிறார். உங்களைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால் டிவியில் உங்கள் இன்டர்லாக்கன் காலநிலை வந்தால் சத்தத்தைக் கூட்டுவார்.

வேணுகா

~

இன்டர்லாக்கன்,
20.1.25

வேணுகா,

அன்புள்ள எண்டு எழுதாதை. அந்த அன்பு எனக்கு வேண்டாம்.

பட்டம் படிச்சு முடிச்சு, கடைசியிலை நீயும் தையலுக்குத்தான் வந்தனி. நல்லது. இஞ்சை ஹோட்டல் தையல் அறையிலை எனக்கு ஒரு நாளைக்கு நாப்பது படுக்கை விரிப்பு வருது. பனியிலை சறுக்க வாற ஸ்கீக்காரர் சப்பாத்தோடை படுக்கிறவை போலை. உன்ரை இருபத்தெட்டுக் கண்ணுக்கு என்னட்டை நேரம் இல்லை.

நேரம் எண்டவுடனை சொல்லுறன். அந்த ஓகஸ்ட் மாசம் ஒவ்வொரு பின்னேரமும் உனக்குப் போன் எடுத்தனான். "சளிதான் அக்கா, அடுத்த கிழமை வீட்டை வந்திடுவா. சீசன் நேரம் லீவு கேளாதேங்கோ" எண்டனி. டொக்டர் கதைக்கிறது உனக்குத்தான் விளங்கும். நீதான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தனி, அப்பாவுக்கு மொழிபெயர்த்தனி, எனக்கும் மொழிபெயர்த்தனி. நான் வந்து சேரேக்கை அம்மான்ரை கை குளிர்ந்து போச்சு. மூண்டு கிழமை உனக்கு. எனக்கு ஒரு குளிர்ந்த கை. அம்மான்ரை முப்பத்தோராம் நாள் கிரியையிலை எல்லாற்றை முன்னாலையும் ஏன் கத்தினனான் எண்டு இன்னும் உனக்கு விளங்கேல்லையோ?

ஆஸ்பத்திரியிலை டொக்டர் உண்மையா என்ன சொன்னவர் எண்டு எழுது. அதுக்குப் பிறகு உன்னோடை கதைக்கிறதோ இல்லையோ எண்டு யோசிக்கிறன். வேறை ஒண்டும் எழுதத் தேவையில்லை.

கயிறு கோத்தால் துணி ஒடுங்கும். வெட்டிப்போட்டுக் கோக்காதை, கோத்துப்போட்டு வெட்டு. உதுகூடத் தெரியாமல்தான் வெட்டியிருப்பாய்.

டிலக்ஷி

~

ஓல்டன்,
9 பிப்ரவரி 2025

அக்கா,

துணி ஒடுங்கியது. நீங்கள் சொன்னது சரி. மறுபடி வெட்டி, மறுபடி கோத்து, கண்களையும் நானே கட்டி முடித்துவிட்டேன்.

நீங்கள் கேட்டதை எழுத நாலு தரம் உட்கார்ந்தேன். முடியவில்லை. அதற்குப் பதிலாக வேறு ஒன்று எழுதுகிறேன். இதை எழுத உங்களை விட்டால் எனக்கு ஆளில்லை.

மரச்சட்டத்தைச் செருகிக் கோர்செட்டை மேசையில் நிறுத்தினேன். கயிறு நெருக்கமாக இருப்பதால் தானாக நிற்கும், அது இயல்புதான். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தால், யன்னல் பக்கம் திரும்பி நின்றது. சரக்கு ரயில் போகும்போது எங்கள் மேசை ஆடும். அப்படித்தான் திரும்பியிருக்கும்.

புதுக் கோர்செட்டை ஒரே நாளில் இறுக்கக்கூடாது. தினம் ஒரு மணித்தியாலம் போட்டுப் பழக்கவேண்டும். பின்னால் இரண்டு ஓரமும் சேரவும் கூடாது. நாலு விரல் இடைவெளி விடவேண்டும். முதல் நாள் நாலு விரல் இருந்தது. நேற்று மூன்று. துணி நீண்டிருக்கும் என்றார் ஃபிராவ் ஹூபர். அளந்து பார்த்தேன். துணி நீளவில்லை.

போட்டிருக்கும்போது மூச்சு பாதியில் நிற்கிறது. இறுக்கத்தால் இல்லை. ஒரு விரலை உள்ளே விடலாம், அவ்வளவு இடம் இருக்கிறது. ஆனாலும் மூன்று சின்ன மூச்சு, பிறகு ஒரு நிறுத்தம், பிறகு மூன்று. நான் அப்படி எடுப்பதில்லை. அது எடுக்கிறது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அப்பா வேலையால் வந்து வாசலில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் அறைக்குள், கதவு பாதி திறந்திருந்தது. என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் அவருக்குக் கேட்டிருக்கும். தலை நிமிராமல், அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி, "இஞ்சாரும், பின்னேர மருந்து குடிச்சனீரோ?" என்றார்.

"ஓம், குடிச்சனான்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, அக்கா. வாய்க்கு வந்துவிட்டது. அப்பா ஒரு சப்பாத்துக் காலிலும் ஒரு சப்பாத்துக் கையிலுமாக நின்றார். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் இருந்தார். அன்றைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை.

அளவில் பிழை விட்டேனோ என்று அந்தச் சாறிச் சட்டையை மறுபடி எடுத்து உட்புறம் திருப்பினேன். மெரூன் நிறம். பக்கத் தையல் மூன்று தரம் உள்ளே பிடிக்கப்பட்டிருக்கிறது. ஒன்றுக்கு உள்ளே ஒன்றாக மூன்று வரி, நீல நூல். என் சட்டையை எப்போது இத்தனை தரம் பிடித்தோம்? உங்களுக்கு நினைவிருக்கிறதா?

வேணுகா

~

இன்டர்லாக்கன்,
13.2.25

வேணுகா,

உன்ரை சட்டை பச்சை. மெரூன் அம்மான்ரை.

அந்த மூண்டு வரியும் என்ரை கை. அம்மா அதைத் தபாலிலை எனக்கு அனுப்பினவா. அந்த வருஷம் ஏப்ரலிலை ஒருக்கா, மேயிலை ஒருக்கா, ஜூன் கடைசியிலை ஒருக்கா. "ரத்தத்திலை சீனி கூடிப் போச்சு பிள்ளை, சாப்பாட்டைக் குறைச்சிட்டன், சட்டை தொளதொள எண்டு கிடக்கு, கொஞ்சம் பிடிச்சுத் தா" எண்டு துண்டு எழுதி வைச்சிருந்தவா. ஹோட்டல் திரைச்சீலை தைச்ச நீல நூல் மெசினிலை கிடந்தது, அதாலையே அடிச்சு அனுப்பினனான். மூண்டாம் தரம் பகிடிக்கு எழுதினனான், "இனிமேலும் மெலிஞ்சால் உங்களுக்குப் பொம்மைச் சட்டைதான்" எண்டு.

அம்மா உருகினதை நான் என்ரை கையாலை அளந்து தைச்சிருக்கிறன். எனக்கு விளங்கேல்லை. உன்னைப் பேசிப் பேசி இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

நீ அம்மான்ரை கடைசி உடம்புக்குத் தைச்சு வைச்சிருக்கிறாய். உன்ரை உடம்பு இப்ப அதுக்குப் போய்க்கொண்டிருக்கு. எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கை இல்லை, ஆனால் மூண்டு விரல் எண்டு நீ எழுதினதை வாசிச்சுப்போட்டு எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. இனி அதைத் தொடாதை. பெட்டியிலை போட்டு எனக்கு அனுப்பு. நான் பாக்கிறன். மியூசியத்துக்குத் தேவை எண்டால் பச்சைச் சட்டை அளவுக்குத் திருத்தித் தாறன்.

அக்கா

~

ஓல்டன்,
17 பிப்ரவரி 2025

அக்கா,

பெட்டியில் வைத்திருக்கிறேன். மரச்சட்டத்தை உருவித் தனியாகச் சுற்றியிருக்கிறேன், அப்போதுதான் அது மடிந்தது.

உங்கள் கடிதம் வர முன் வெள்ளிக்கிழமை மியூசியத்தில் ஒரு தரம் போட்டுக் காட்டவேண்டி வந்தது. ஃபிராவ் ஹூபர் "வலிக்கிறதா?" என்று கேட்டார். நான் தமிழில் பதில் சொன்னேனாம். என்ன சொன்னாய் என்று அவர் கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. யன்னலைத் திறந்துவிடச் சொன்னது போல இருந்தது என்றார், ஏனென்றால் நான் கையை அந்தப் பக்கம் காட்டினேனாம். இடைவெளி இரண்டு விரல்.

தயவுசெய்து நீங்கள் அதைப் போட்டுப் பார்க்கவேண்டாம். மார்ச் 22க்கு முன் கிடைத்தால் போதும்.

கீழே 'அக்கா' என்று போட்டிருந்தீர்கள். அந்தத் தாளைக் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன்.

வேணுகா

~

இன்டர்லாக்கன்,
25.2.25

வேணு,

பெட்டி வந்தது. உன்ரை தையல் நல்லாத்தான் கிடக்கு. கண் கட்டினது மட்டும் கோழி கிளறின மாதிரி. மேசையிலை வைச்சு ஒரு நாள் முழுக்கப் பாத்தன். திரும்பவும் இல்லை, நடக்கவும் இல்லை. பருத்தித் துணியும் கயிறும். பட்டதாரிப் பயம் எண்டு என்ரை அறைத் தோழி மதுஜாவுக்குச் சொல்லிச் சிரிச்சனான்.

இண்டைக்கு வியாழன். கடிதத்தை ஒட்டாமல் வைச்சிருந்தனான். நேற்றுப் போட்டுப் பாத்தன். கோவிக்காதை. திருத்திறதெண்டால் எங்கை பிடிக்குது எண்டு தெரிய வேணும்தானே. நான் உன்னை மாதிரி ஒல்லி இல்லை. பின்னாலை ஒரு சாண் விலகி நிண்டது, நாலு விரல் இல்லை. மதுஜா "அக்கா, பன்றிக்குட்டிக்குப் பாவாடை" எண்டு சொல்லிச் சிரிச்சவள்.

பிறகு அவள் வேலைக்குப் போட்டாள். நான் கழட்டாமல் இருந்தன். அரை மணித்தியாலம் இருக்கும். மூச்சு மூண்டா வெட்டி வெட்டி வந்தது. நீ எழுதின மாதிரியே. முதுகிலை ஒரு கை வைச்ச மாதிரி இருந்தது. அது குளிர்ந்த கை இல்லை, வேணு.

அம்மா ஒரு நாளும் இந்த அறைக்கு வந்ததில்லை தெரியுமே? வேலையாக்கள் கட்டிடத்துக்குள்ளை வெளியாக்களை விடமாட்டினம் எண்டு நான்தான் மறிச்சனான். நேற்று வந்து, என்ரை கட்டிலிலை இருந்து, யன்னலைத் திற எண்டவா.

டிலக்ஷி

~

ஓல்டன்,
1 மார்ச் 2025

அக்கா,

உடனே கழற்றுங்கள். இன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். வேலைக்காகக் கேட்கவில்லை. ஃபிராவ் ஹூபரிடம் கோர்செட் பழுதாகிவிட்டது, மார்ச் 22க்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் உதட்டை மடித்துக்கொண்டு, "சரி, பார்ப்போம்" என்றார். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

அதை அனுப்பிய பிறகு என் மூச்சு பழையபடி வந்துவிட்டது. அப்பாவும் நேற்று என்னைப் பார்த்து, "உப்புக் குறைவு பிள்ளை" என்றார். அது என்னை விட்டது, உங்களிடம் வந்திருக்கிறது. உங்களுக்கு இப்போது எத்தனை விரல்?

வேணுகா

~

இன்டர்லாக்கன்,
7.3.25

வேணு,

ஒரு சாணாய்க் கிடந்தது இப்ப ஒரு விரல். ஒன்பது நாள். மதுஜா இப்ப சிரிக்கிறேல்லை. நேற்று என்னைக் கண்ணாடிக்கு முன்னாலை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினவள். நான் அம்மாவைத்தான் கண்டன். வேலைக்குச் சுகமில்லை எண்டு சொல்லிப்போட்டு அறையிலை இருக்கிறன்.

திருப்பித் தரமாட்டன். உனக்கு மூண்டு கிழமை கிடைச்சது. இது என்ரை பங்கு.

அம்மா ஆஸ்பத்திரியிலை கிடந்தது நாள் நாளாய் வருது. முதல் கிழமை முடிஞ்சுது: பக்கத்துக் கட்டில் மனுசி குறட்டை விடுறா எண்டு அம்மா முறைப்பட்டது, தோடம்பழம் கேட்டது, நீ கட்டில் காலடியிலை இருந்து சோதனைக்குப் படிச்சது. ரெண்டாம் கிழமை முடிஞ்சுது: வெள்ளைத் தலைமயிர் டொக்டர் வந்து கதைச்சார். அவர் நெடுநேரம் கதைச்சார், வேணு. நீ ரெண்டு மூண்டு சொல்லுத்தான் சொன்னனி. அம்மாவுக்கு அந்தப் பாசை விளங்காது, ஆனால் நீளமும் கட்டையும் விளங்கும்.

மூண்டாம் கிழமையிலை இனிக் கடைசி நாள்தான் கிடக்கு. அண்டைக்கு ஒரு நேர்ஸ் குனிஞ்சு நிக்கிறா, அம்மா உன்னைப் பாத்து ஏதோ சொல்லுறா. வாய் அசையிறது தெரியுது, சத்தம் இன்னும் வரேல்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் கேக்கும். கேட்டால் எனக்குப் போதும்.

வராதை. கதவு திறக்கமாட்டன்.

டிலக்ஷி

~

இன்டர்லாக்கன், உங்கள் அறை வாசல்,
11 மார்ச் 2025, பகல்

அக்கா,

மதுஜா கீழ்க்கதவைத் திறந்து விட்டா. "இரண்டு நாளாச் சாப்பிடேல்லை, என்னையும் உள்ளுக்கு வராதை எண்டிட்டா" என்று அழுதா. நான் தட்டினேன், கூப்பிட்டேன். உள்ளே மூச்சு மட்டும் கேட்கிறது. மூன்று, பிறகு நிறுத்தம். அந்த நிறுத்தம் ஓகஸ்டில் எவ்வளவு நேரம் இருந்ததென்று எனக்குத் தெரியும். இப்போது அதற்குக் கிட்ட வந்துவிட்டது.

நான் வாயால் சொன்னால் மறுபடி பாதியை விழுங்குவேன். அதனால் படியில் இருந்து எழுதி, கதவுக்குக் கீழால் தள்ளுகிறேன். நீங்கள் இறுக்கிக் கேட்கவேண்டியதை நானே சொல்கிறேன். தயவுசெய்து வாசிக்கும்வரை நாடாவை இழுக்காதீர்கள்.

டொக்டர் சொன்னது: "புற்றுநோய் நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது. இனிச் சிகிச்சை இல்லை. மாதங்கள் இல்லை, கிழமைகள்தான். வரவேண்டியவர்களை வரச் சொல்லுங்கள்."

நான் அம்மாவுக்குச் சொன்னது: "மருந்தை மாத்தப் போகினமாம்."

அவ்வளவுதான். அவர் கதைத்துக்கொண்டே போனார், நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பத்து வயதிலிருந்து எல்லா அலுவலகத்திலும் நான்தான் அம்மாவுக்கு வாய். விசாக் கடிதம், வாடகைக் கடிதம், பள்ளிக்கூடம். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். இதை மட்டும் என் வாயால் சொன்னால் நான்தான் அம்மாவைக் கொன்றது போல இருக்கும் என்று நினைத்தேன். அப்பாவுக்கும் அதையே சொன்னேன். உங்களுக்கு "சளி" என்றேன்.

இனிக் கடைசி நாளைச் சொல்கிறேன். நேர்ஸ் குனிந்து, "உங்கள் அம்மாவுக்கு ஏதாவது வேண்டுமா, கேளுங்கள்" என்றா. கேட்டேன். அம்மா ஒக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, "அக்காவைக் கூப்பிடு" என்றா. தெளிவாகச் சொன்னா. இரண்டு தரம்.

நேர்ஸ் என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறார்?" என்றா.

"தண்ணீர் கேட்கிறார்" என்றேன்.

நேர்ஸ் தண்ணீர் கொண்டுவந்தா. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே அதைக் குடித்தா. முழுக்கக் குடித்தா. "தண்ணீர்" என்ற அந்த ஒரு சொல் டொச் மொழியில் அம்மாவுக்குத் தெரியும், அக்கா. வந்த முதல் வருஷமே படித்த சொல். நான் பொய் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் குடித்தா.

உங்களைக் கூப்பிட்டிருந்தால் அன்று பின்னேரம் வந்து சேர்ந்திருப்பீர்கள். அம்மா இரவு ஒன்பதரை வரை இருந்தா. நேரம் இருந்தது. நான் கூப்பிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன். இதைவிடக் காரணம் என்னிடம் இல்லை.

இனி அதற்குள் நீங்கள் கேட்க ஒன்றும் இல்லை. என்னை உள்ளே விடவேண்டாம், என்னோடு இனி ஒரு நாளும் கதைக்கவேண்டாம். அதைக் கழற்றினால் போதும். கழற்றிவிட்டேன் என்று ஒரு வார்த்தை எழுதிக் கீழால் தள்ளுங்கள். எழுந்து போய்விடுகிறேன்.

வேணுகா

~

(அதே தாளின் பின்பக்கம், பென்சிலால்)

வேணு

இண்டைக்கு விடியவே எனக்குச் சத்தம் கேட்டிட்டுது. அக்காவைக் கூப்பிடு எண்டது. தண்ணி எண்டதும் கேட்டது. நீயாச் சொல்லுவியோ எண்டு பாத்துக்கொண்டிருந்தன். சொல்லிப்போட்டாய்.

கோவம் கிடக்கு. அதைப் பிறகு கதைப்பம். நேரை கதைப்பம்.

நான் கேட்டவுடனை அவிழ்க்கப் பாத்தனான். அப்ப இருந்து அவிழ்த்துக்கொண்டுதான் இருக்கிறன், வருதில்லை. நான் நாடாவை இழுத்துச் சும்மா செருகித்தான் விடுறனான், கட்டுறேல்லை. இப்ப பின்னாலை நடுவிலை ஒரு முடிச்சு இருக்கு. சின்னன், இறுக்கமா, ரெட்டை முடிச்சு. தடவிப் பாத்தன். இந்த முடிச்சு நான் போட்டதில்லை.

தனிய ஏலாது. கதவு பூட்டேல்லை, நான் பூட்டவே இல்லை. தள்ளிக்கொண்டு ஓடி வா. கெதியா